களஞ்சியத்தில் சேராத திருத்தம்: ஒரு மூலப்பொதியும் அதன் கிட் வரலாறும் பிரிந்துபோன நிகழ்வு

பின்னணி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள், அதன் காப்பகத்துக்குள் நுழைவது மூலப்பொதியாகத்தான். மூலத் திட்டம் (மென்பொருளை எழுதுவோர்) வெளியிட்ட டார்பால் (கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) ஒன்று, டெபியன் தரப்பில் சேர்க்கப்படும் கோப்புகளைக் கொண்ட இன்னொரு டார்பால், இரண்டின் செக்சம்களையும் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்கள்) தாங்கிக் கையொப்பத்துடன் வரும் சிறிய டிஎஸ்சி கோப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே மூலப்பொதி. நிரலைத் தொகுத்து நிறுவத்தக்க பொதியாக்கும் பில்ட் இயந்திரங்கள் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பயனரின் கணினியில் ஓடும் நிரல் இதிலிருந்துதான் பிறக்கிறது.

மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியம் இதற்கு வெளியே இருக்கிறது. பொதியின் விவரங்களைச் சொல்லும் கன்ட்ரோல் கோப்பில் ‘விசிஎஸ்-கிட்’ என்ற புலம் களஞ்சியத்தின் முகவரியைச் சொல்லும். அந்த முகவரியில் இருப்பதும் காப்பகத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பதிவேற்றும் வேளையில் காப்பகம் சோதிப்பதில்லை. களஞ்சியத்தில் கமிட் செய்யாமலே (மாற்றத்தைப் பதியாமலே) பதிவேற்றலாம். பதிவேற்றாமலே கமிட் செய்துகொண்டு போகலாம். இரண்டு கதவுகளுக்கும் தனித்தனிச் சாவி. பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது, பெரும்பாலும் சிக்கலும் வருவதில்லை. சிக்கல் வராத காலம் நீள நீள, இரண்டும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை எந்தச் சோதனையும் இல்லாமலே உறுதிப்பட்டுவிடுகிறது.

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு, ஓர் ஆவண வடிவத்தைப் பிரித்துப் படிக்கும் சி நூலகத்தின் பொதியில் நடந்தது. பராமரிப்புக் குழுவில் மூவர். களஞ்சியம் டெபியனின் கிட் சேவையான சால்சாவில் இருந்தது. வேலை முழுவதும் கிட்டிலிருந்து பொதி கட்டும் கிட்-பில்ட்பேக்கேஜ் கருவியைக் கொண்டு நடந்தது. மூலத் திட்டத்தின் நிரலில் செய்யும் மாற்றங்கள் பேட்ச் கோப்புகளாகத் தனிக் கோப்புறையில் வைக்கப்பட்டன. கிளையில் இருந்த நிரல் பேட்ச் இடப்படாத நிரல். நான் இந்தக் குழுவுக்கு வந்தது பிரிவு கண்டுபிடிக்கப்பட்டு, சரிசெய்ய ஆள் தேவைப்பட்ட கட்டத்தில். பொதியையும் ஆட்களையும் அடையாளம் காண முடியாதபடி பதிப்பெண்களை மாற்றியிருக்கிறேன். அவற்றின் வரிசையும் உறவும் நடந்தபடியே இருக்கின்றன.

பிறர் செய்த பதிவேற்றம்

காப்பகத்தில் இருந்த பதிப்பு 2.4.1-3 (கோட்டுக்குப் பின் வருவது டெபியன் தரப்பின் எண்). அதில் இரண்டு கடுமையான வழுக்கள் பதிவாயின. முதலாவது நினைவக வழு. கோப்பின் தலைப்பகுதியில் வரும் ஓர் எண்ணிக்கையை நூலகம் 32-பிட் எண்ணாகப் படித்து 4 ஆல் பெருக்கி, கிடைத்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கியது. எண்ணிக்கை 1073741825 என்று இருந்தால் பெருக்குத்தொகை 32 பிட்டுக்குள் அடங்காமல் சுற்றிக்கொண்டு வெறும் 4 ஆகிவிடும். நான்கு பைட் ஒதுக்கிய இடத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட உருப்படிகளை எழுதத் தொடங்கும். வழுவைப் பதிவு செய்தவர் அப்படிப்பட்ட கோப்பு ஒன்றையும் இணைத்திருந்தார். இரண்டாவது வழு எளியது: ஒரு கோப்பு நூலகப் பொதியிலிருந்து கருவிகள் பொதிக்கு இடம் மாறியிருந்தது, அதைச் சொல்லும் ‘பிரேக்ஸ்’, ‘ரீப்ளேசஸ்’ வரிகள் விடுபட்டதால் மேம்படுத்தும்போது பொதிகளை நிறுவும் டிபிகேஜி நின்றுபோனது.

குழுவிடமிருந்து சில வாரங்களுக்குப் பதில் இல்லை. குழுவுக்கு வெளியே இருந்த ஒரு டெபியன் உறுப்பினர் முன்வந்து, பராமரிப்பாளர் அல்லாதவர் பதிவேற்றமாக 2.4.1-3.1 ஐ (இனி 3.1) தயாரித்தார். முறைப்படி எல்லாம் செய்தார். காப்பகத்திலிருந்து மூலப்பொதியை எடுத்தார், இரண்டையும் திருத்தினார், முழு வேறுபாட்டையும் வழு அறிக்கைக்கு அனுப்பினார், குழு மறுக்க விரும்பினால் மறுக்கட்டும் என்று சில நாள் தாமத வரிசையில் போட்டார். குழுவில் ஒருவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். பதிவேற்றம் புதியவை முதலில் வரும் அன்ஸ்டேபிளுக்குள் போயிற்று, அங்கிருந்து அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங்குக்கும் போயிற்று. வழுக்கள் மூடப்பட்டன.

களஞ்சியத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பதிவேற்றியவருக்குக் குழுவின் களஞ்சியத்தில் எழுதும் உரிமை இல்லை. நன்றி சொன்னவர் மற்ற இருவரில் யாராவது இறக்கிக்கொள்வார்கள் என்று எண்ணினார். அவர் பதில் எழுதியதைப் பார்த்த மற்ற இருவரும் அவரே இறக்கியிருப்பார் என்று எண்ணினார்கள். மூவரின் எண்ணமும் அவரவர் நிலையில் நியாயமானதுதான். அதனால் இதை ஒருவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டு நகர்ந்தால், நடந்ததை விளக்கியதாகாது.

புதிய பதிப்பு, இரண்டு அறிகுறிகள்

மாதங்கள் கழித்து மூலத் திட்டம் 2.5.0 ஐ வெளியிட்டது. குழுவில் ஒருவர் களஞ்சியத்தைப் புதுப்பித்துக்கொண்டு டார்பாலை இறக்குமதி செய்தார், பேட்ச்களைச் சரிபார்த்தார், பதிப்புவாரியாக மாற்றங்களைக் குறிக்கும் சேஞ்ச்லாகில் 2.5.0-1 என்று புதிய பதிவு எழுதினார். கிளையில் அதற்கு முந்தைய பதிவு 2.4.1-3. அவர் கண்ணுக்கு எதுவும் விடுபட்டதாகத் தெரியவில்லை, தெரியவும் வழியில்லை. பதிவேற்றினார்.

முதல் அறிகுறி பில்டில் வந்தது. 64-பிட் கட்டமைப்புகளில் பில்ட் தேறியது; 32-பிட் கட்டமைப்புகளில் தோற்றது. நூலகம் வெளியிடும் சிம்பல்களின் (பிற நிரல்கள் அழைக்கக்கூடிய பெயர்களின்) பட்டியலில் ஒன்று காணவில்லை என்று, அதைச் சரிபார்க்கும் டிபிகேஜி-ஜென்சிம்பல்ஸ் நின்றுவிட்டது. புதிய பதிப்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று பதிவேற்றியவர் கொண்டது இயல்பு. 2.4.1 க்கும் 2.5.0 க்கும் இடையிலான மூல நிரல் வேறுபாட்டைப் பொறுமையாகப் படித்தார். அந்தச் சிம்பலைத் தரும் செயற்கூறு 64-பிட் கட்டமைப்பில் மட்டுமே பில்ட் ஆகும்படி நிபந்தனைக்குள் இருந்தது. ஆனால் அந்த நிபந்தனை 2.4.1 இலும் அப்படியே இருந்தது. அப்படியென்றால் 2.4.1-3 எப்படி 32-பிட்டில் பில்ட் ஆயிற்று? இந்தக் கேள்வியை அவர் குழுவின் மின்னஞ்சலில் எழுதினார். அன்று யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாம் அறிகுறி வழு கண்காணிப்பு அமைப்பிலிருந்து. 2.5.0-1 டெஸ்டிங்குக்கு நகராததற்கான காரணங்களில், ஏற்கெனவே மூடப்பட்ட இரண்டு வழுக்களும் டெஸ்டிங்கில் புதிதாக நுழையும் என்று எழுதியிருந்தது. மூடிய வழு எப்படிப் புதிதாக நுழையும்? அமைப்பின் பிழை என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். 2.5.0-1 இல் வழு சரியானது என்று குறிக்கச் சொல்லி அமைப்புக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சலும் வரைவாகத் தயாரானது. மூலத் திட்டத்தின் வெளியீட்டுக் குறிப்பில் ‘நீளச் சோதனைகள் இறுக்கப்பட்டன’ என்று ஒரு வரி இருந்ததும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது.

மின்னஞ்சல் போகாமல் நின்றது, குழுவின் இரண்டாம் உறுப்பினர் வழு அறிக்கையில் இணைத்திருந்த கோப்பைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொன்னதால். நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ்சானிடைசருடன் பில்ட் செய்து ஓட்டினார்கள். ஒதுக்கிய நான்கு பைட்டைத் தாண்டி எழுதுகிறது என்ற அறிக்கையுடன் நிரல் விழுந்தது. மூலத் திட்டம் இறுக்கிய சோதனை அட்டவணையைப் படிக்கும் செயற்கூறில் இருந்தது. வழு இருந்ததோ சுட்டெண்ணைப் படிக்கும் செயற்கூறில். பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை அன்ஸ்டேபிள் பயனர்களிடமிருந்து குழுவே திரும்பப் பறித்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வழு கண்காணிப்பு அமைப்பு நிரலைப் படித்துப் பார்த்து அந்த எச்சரிக்கையைத் தரவில்லை. எந்தப் பதிப்பு எதிலிருந்து பிறந்தது என்பதை அது சேஞ்ச்லாகிலிருந்து அறிகிறது. 2.5.0-1 இன் சேஞ்ச்லாகில் 3.1 க்கான பதிவு இல்லை. ஆகவே 2.5.0-1 என்பது வழு உள்ள 2.4.1-3 இன் வழிவந்தது, 3.1 தனிக் கிளை என்று அது கணக்கிட்டது. அந்தக் கணக்கு சொல்லுக்குச் சொல் சரி. சேஞ்ச்லாகை ஒரு சம்பிரதாயக் கோப்பாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறைக்க நேரமாகும்.

ஒப்பிட்டபோது கிடைத்தவை

இப்போது மறந்துபோன பதிவேற்றம் நினைவுக்கு வந்துவிட்டது. 3.1 இன் வேறுபாட்டைக் களஞ்சியத்தில் இட்டால் வேலை முடிந்தது என்று குழு கருதியது. 32-பிட் கேள்விக்கு மட்டும் அப்போதும் விடை இல்லை. 3.1 இன் வேறுபாட்டில் சிம்பல் பட்டியல் தொடப்படவே இல்லை.

நான் சேர்ந்ததும் முதலில் செய்தது, களஞ்சியத்தில் 2.4.1-3 என்று டேக் (ஒரு நிலைக்கு இடும் நிலையான பெயர்க்குறி) இடப்பட்ட நிலையும் காப்பகத்துக்குள் போன 2.4.1-3 உம் ஒன்றுதானா என்று பார்த்தது. 3.1 வந்ததும் 2.4.1-3 காப்பகத்திலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் ஸ்னாப்ஷாட் சேவையில் பழைய பதிப்புகளும் கிடைக்கும். அங்கிருந்து இறக்கினேன்.

ஒப்பிடும் முறையில் ஒரு சிறு இடறல். இறக்கிய பொதியை, கிட் பண்புகளின் மாற்றங்களை அணைத்துவிட்டுக் கிட்டுக்குள் இட்டு, இரண்டு மரங்களையும் (கோப்புத் தொகுதிகளையும்) கிட்டையே ஒப்பிடச் செய்தபோது நூற்றுக்கணக்கான சோதனைக் கோப்புகள் வேறுபடுவதாக வந்தன. மூலத் திட்டத்தின் கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில், சோதனைக் கோப்புகளின் வரி முடிவு விண்டோஸ் பாணியில் சிஆர்எல்எஃப் ஆக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதி அமலில் இருந்தால் கிட் தன் உள்ளே யூனிக்ஸ் பாணியில் எல்எஃப் ஆக வைத்துக்கொண்டு, வெளியே எடுக்கும்போது சிஆர்எல்எஃப் ஆக்கித் தரும். வேலை செய்யும் கோப்புறையில் வேறுபாடே இல்லை. உள்ளே இருக்கும் பைட்டுகள் மட்டும் வேறு. இத்தகைய விதிகளை முடக்கிவைக்க டிகிட் (பின்னர் விளக்கப்படும் பதிவேற்றக் கருவி), கிட்-பில்ட்பேக்கேஜ் இரண்டிலுமே தனிக் கட்டளை இருக்கிறது. இந்தக் களஞ்சியத்தில் யாரும் அதை ஓட்டியதில்லை. கடைசியில் டேக்கின் நிலையை ஒரு கோப்புறையிலும், பேட்ச் இடாமல் பிரித்த பொதியை இன்னொரு கோப்புறையிலும் வைத்து, சாதாரண டிஃப் கட்டளையால் ஒப்பிட்டேன்.

ஒரே ஒரு வரி வேறுபட்டது. சிம்பல் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட சிம்பலின் முன்னால், ‘இது 64-பிட் கட்டமைப்புகளில் மட்டும் எதிர்பார்க்கப்படும்’ என்று சொல்லும் குறி. காப்பகத்துக்குப் போன பொதியில் இருந்தது. களஞ்சியத்தில், டேக்கிலும் கிளையிலும், இல்லை.

அந்தப் பதிவேற்றத்தைச் செய்தவரிடம் கேட்டபோது நடந்தது தெளிவாயிற்று. டேக் இட்டுப் புஷ் செய்தபிறகு (களஞ்சியத்துக்கு அனுப்பியபிறகு), பதிவேற்றும் முன்பு, 32-பிட் சூழலில் கடைசியாக ஒருமுறை பில்ட் செய்து பார்த்திருக்கிறார். சிம்பல் பிழை வந்தது. கோப்பில் அந்தக் குறியைச் சேர்த்தார். கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் கிட்-பில்ட்பேக்கேஜ் பில்ட் செய்ய மறுக்கும். அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் விருப்பத்தேர்வை அவர் வழக்கமாகவே கொடுத்து வந்தார், சோதனைகளுக்கு அது வசதி என்பதால். பில்ட் தேறியது, தேறியதைப் பதிவேற்றினார். பின்னர் வேறொரு கணினிக்கு மாறியபோது அந்தக் கோப்புறை போய்விட்டது.

மூல நிரலில் இப்படி ஒரு மாற்றம் இருந்திருந்தால் டிபிகேஜி-சோர்ஸ் பிடித்திருக்கும். எதிர்பாராத மாற்றம் என்று நின்றிருக்கும். மாற்றம் டெபியன் கோப்புறைக்குள் இருந்ததால், அந்தக் கோப்புறை முழுதாகவே டார்பாலாகக் கட்டப்படுவதால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உள்ளே போயிற்று. கிட்டுக்கும் பொதிக்கும் இடையே உள்ள சோதனைகள் எல்லாம் ஒரு பக்கத்தை மட்டும் காக்கின்றன. அவை காக்காத பக்கத்தில்தான் பராமரிப்பாளர் அன்றாடம் வேலை செய்கிறார்.

3.1 ஏன் 32-பிட்டில் பில்ட் ஆயிற்று என்பதற்கும் விடை கிடைத்தது. அதைச் செய்தவர் களஞ்சியத்தைத் தொடவில்லை; காப்பகத்திலிருந்து எடுத்தார். அதனால் சரியான வரியும் கூடவே வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடிக் கேள்வி அன்ஸ்டேபிள் பயனர்களைப் பற்றியது. டெஸ்டிங்கில் 3.1 பத்திரமாக இருந்தது. அன்ஸ்டேபிளில் ஓட்டையுள்ள 2.5.0-1 இருந்தது. பதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. பழைய நிரலைப் புதிய எண்ணில் அனுப்ப ‘ரியலி’ என்ற வழி உண்டு. 2024 இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் பின்கதவு வெளிப்பட்டபோது டெபியன் 5.6.1+ரியலி5.4.5-1 என்ற எண்ணில் பின்வாங்கியதைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே புதிய நிரல் எதையும் நம்ப முடியாத நிலை. இங்கே விடுபட்டது எது என்று வரிவரியாகத் தெரியும். அத்துடன், ரியலி எண்ணை ஒருமுறை போட்டுவிட்டால் மூலத் திட்டம் அதைத் தாண்டிய பதிப்பை வெளியிடும்வரை அந்த வால் கூடவே வரும். எனவே 2.5.0-2 ஐ விரைந்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

களஞ்சியத்தை என்ன செய்வது என்பதில்தான் விவாதம் நீண்டது. எளிய வழி, விடுபட்ட மாற்றங்களைக் கிளையின் உச்சியில் புதிய கமிட்களாக இட்டுவிடுவது. குழுவில் ஒருவர் இதையே விரும்பினார். வேலை குறைவு, இறுதி உள்ளடக்கமும் ஒன்றே. நான் இதற்கு உடன்படவில்லை. அப்படிச் செய்தால் 3.1 என்ற பதிப்பு கிட் வரலாற்றில் எங்கும் இருக்காது. நாளை யாராவது 3.1 க்கும் 2.5.0-2 க்கும் இடையே என்ன மாறியது என்று கேட்டால் களஞ்சியத்தால் பதில் சொல்ல முடியாது. திருத்தியவரின் பெயரும் போய்விடும்.

டேக்கைச் சரியான நிலைக்கு நகர்த்தலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அது உடனே கைவிடப்பட்டது. ஏற்கெனவே ஒரு டேக்கை வைத்திருப்பவரின் நகலில், அடுத்த முறை ஃபெட்ச் செய்யும்போது (புதியவற்றை இறக்கும்போது) கிட் அதைத் தானாக மாற்றாது. ஒரே பெயரில் சிலரிடம் ஒரு நிலையும் சிலரிடம் இன்னொரு நிலையும் இருக்கும். இருக்கும் குழப்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உண்டாக்கியதாகிவிடும்.

செய்தது இது. தவறான டேக்கை அப்படியே விட்டு, அதிலிருந்து ஒரு கிளை பிரித்து, காப்பகத்தில் இருந்த 2.4.1-3 இன் உண்மையான உள்ளடக்கத்தை ஒரு கமிட்டாக இட்டோம். அதற்கு வேறொரு பெயரில் டேக். கமிட் செய்தியில் எந்த டிஎஸ்சி கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் செக்சம் என்ன, ஏன் இந்தக் கமிட் தேவைப்பட்டது என்று எழுதினோம். அதன்மேல் 3.1 ஐ, அதைத் தயாரித்தவரையே ஆசிரியராகக் காட்டி இட்டு, வழக்கமான பெயரில் டேக் இட்டோம். பிறகு அந்தக் கிளையை முதன்மைக் கிளையுடன் இணைத்தோம். வரலாற்றின் படத்தில் இப்போது ஒரு பக்கவாட்டு வளைவு தெரியும். நடந்தது அப்படித்தான் என்பதால் அது அங்கே இருக்கட்டும் என்று விட்டோம்.

சேஞ்ச்லாகை இணைக்க டிபிகேஜி-மெர்ஜ்சேஞ்ச்லாக்ஸ் உதவியது, 3.1 க்கான பதிவு எண் வரிசைப்படி 2.5.0-1 க்குக் கீழே அமர்ந்தது. இதிலும் ஒரு உறுத்தல் உண்டு. அப்படி அமர்ந்தால் 2.5.0-1 இல் 3.1 இன் திருத்தங்கள் இருந்தன என்று படிப்பவர் நினைப்பார், இருக்கவில்லை. அதனால் 2.5.0-2 க்கான பதிவில், 3.1 இன் மாற்றங்கள் 2.5.0-1 இல் விடுபட்டிருந்தன, இப்போது மீண்டும் சேர்க்கப்படுகின்றன என்று வெளிப்படையாக எழுதி, இரண்டு வழுக்களையும் அந்தப் பதிவிலேயே மூடினோம்.

பேட்ச் நேரடியாகப் பொருந்தவில்லை. சுட்டெண்ணைப் படிக்கும் செயற்கூறு 2.5.0 இல் வேறு கோப்புக்கு மாறியிருந்தது. கையால் பொருத்தி, இணைப்புக் கோப்பைக் கொண்டு மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ‘பிரேக்ஸ்’ வரியில் வரும் பதிப்பெண்ணை 2.5.0 க்கு உயர்த்த வேண்டுமா என்று கேள்வி எழுந்தது. வேண்டாம், கோப்பின் இடமாற்றம் பழைய பதிப்பிலேயே முடிந்துவிட்டது, 3.1 இல் இருந்த எண்ணே சரியானது.

பின்விளைவு

2.5.0-2 எல்லாக் கட்டமைப்புகளிலும் பில்ட் ஆகி, டெஸ்டிங்குக்கும் நகர்ந்தது. 3.1 ஐத் தயாரித்தவருக்கு விவரம் எழுதினோம். தன் திருத்தம் காணாமல் போனதை அவர் வழு மீண்டும் திறந்த நிலைக்கு வந்தபோதே கவனித்திருக்கிறார். குழு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பொறுத்திருந்தார்.

அடுத்து, குழுவின் மற்றப் பொதிகள். இங்கே ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. டெபியனின் தர உறுதிப் பக்கங்களில் விசிஎஸ்வாட்ச் என்ற சேவை இருக்கிறது. ஒவ்வொரு பொதியின் களஞ்சியத்தையும் எடுத்து, அதன் சேஞ்ச்லாகில் உள்ள பதிப்பைக் காப்பகத்தின் பதிப்புடன் ஒப்பிடும். களஞ்சியம் பின்தங்கியிருந்தால் ‘ஓல்ட்’ என்று காட்டும். இந்தப் பொதிக்கும் 3.1 பதிவேறியது முதல் 2.5.0 வேலை தொடங்கும்வரை அப்படித்தான் காட்டியிருக்க வேண்டும். குழுவில் யாரும் அந்தப் பக்கத்தை வழக்கமாகப் பார்ப்பதில்லை. எச்சரிக்கை இருந்தது, அது வேலை நடக்கும் பாதையில் இல்லை.

ஆனால் விசிஎஸ்வாட்சை மட்டும் பார்த்திருந்தாலும் சிம்பல் வரி பிடிபட்டிருக்காது. அது ஒப்பிடுவது பதிப்பெண்ணை. 2.4.1-3 என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தது, இரண்டும் வேறு. அதனால் குழுவின் எல்லாப் பொதிகளுக்கும் டேக்கையும் டிஎஸ்சியையும் கோப்புக்குக் கோப்பு ஒப்பிடும் சிறு நிரல் ஒன்று எழுதினோம். பிறர் செய்த பதிவேற்றங்கள் விடுபட்ட பொதிகள் இன்னும் சில கிடைத்தன. அவற்றில் மறுகட்டுமானத்துக்காகச் செய்த சிறு மாற்றங்களே இருந்தன. மேலே சொன்ன முறையில் இணைக்கப்பட்டன. ஸ்டேபிள் (ஏற்கெனவே வெளியான நிலைப் பதிப்பு) கிளைக்குப் பாதுகாப்புக் குழு அனுப்பிய பதிப்புகள் பெரும்பாலும் எந்தக் களஞ்சியத்திலும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மாற்றிய நடைமுறை

பதிவேற்றும் கணத்தில் சோதனை நடக்க வேண்டும் என்பதே நாங்கள் கண்ட முதல் தேவை. 2013 இல் இயன் ஜாக்சன் எழுதத் தொடங்கிய டிகிட் இதைச் செய்கிறது: மூலப்பொதியைப் பிரித்தால் கிடைக்கும் மரமும் கிட்டில் இருக்கும் மரமும் ஒன்றாக இல்லாவிட்டால் பதிவேற்ற மறுக்கிறது. பேட்ச் இடாத கிளைகளுடன் வேலை செய்ய அதற்கு ஒரு விருப்பத்தேர்வு கொடுக்க வேண்டும்; இதை அறியாமல் முதல் முயற்சியிலேயே வெறுத்துப்போய் விட்டவர்களை எனக்குத் தெரியும். டேக்டுஅப்லோட் என்ற சேவை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பராமரிப்பாளர் கையொப்பமிட்ட டேக்கை மட்டும் புஷ் செய்கிறார். மூலப்பொதியைச் சேவையே அந்த டேக்கிலிருந்து கட்டிக் காப்பகத்துக்கு அனுப்புகிறது. கமிட் செய்யாத வரி ஒன்று வழியில் ஏற இடமே இல்லை. குழு இந்த இரண்டில் ஒன்றின் வழியாக மட்டுமே பதிவேற்றுவது என்று வைத்துக்கொண்டது.

இவை குழுவின் பதிவேற்றங்களை மட்டுமே கட்டும். வெளியாள் பழைய முறையில் பதிவேற்றினால் களஞ்சியம் மறுபடி பின்தங்கும். அதனால் களஞ்சியத்தின் எழுதும் உரிமையை டெபியன் உறுப்பினர் எல்லோருக்கும் திறந்தோம். ஒருவர் தயங்கினார், அறிமுகமில்லாதவர் கிளையைக் குழப்பிவிட்டால் என்ன என்று கேட்டார். அதே ஆள் காப்பகத்திலேயே நேரடியாகப் பதிவேற்றலாம் என்றிருக்கும்போது களஞ்சியத்தை மட்டும் பூட்டிவைப்பதில் காப்பு எதுவும் இல்லை என்பது என் கருத்து. அத்துடன், எந்தப் பொதியில் வேலை தொடங்கினாலும் காப்பகத்தின் கடைசிப் பதிப்பும் சேஞ்ச்லாகின் கடைசிப் பதிவும் ஒன்றுதானா என்று பார்ப்பதை முதல் படியாக்கி, அந்தச் சோதனையைக் குழுவின் இறக்குமதி ஸ்கிரிப்டிலேயே வைத்துவிட்டோம். ஞாபகத்தை நம்பவில்லை.

இதே இடைவெளி மூலத் திட்டத்தின் பக்கமும் இருக்கிறது என்ற பேச்சும் எழுந்தது. எக்ஸ்இசட் விவகாரத்தில் (பாதுகாப்பு வழு எண் சிவிஇ-2024-3094) 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டு டார்பாலில் இருந்த பில்டின்போது ஓடும் ஓர் எம்4 கோப்புதான் பின்கதவை இயக்கியது. அந்தக் கோப்பின் கெட்ட வடிவம் கிட் களஞ்சியத்தில் இல்லை. 2024 மார்ச் 29 அன்று மென்பொருளாளர் ஆண்ட்ரஸ் ஃப்ரோயண்ட் வெளிப்படுத்தும்வரை டார்பாலுக்கும் டேக்குக்கும் இடையிலான அந்த வேறுபாடு வெளியே தெரியவராததில் வியப்பில்லை. தானியங்கிக் கருவிகள் உருவாக்கும் கோப்புகளால் டார்பால் எப்போதும் கொஞ்சம் வேறுபட்டே இருக்கும், அந்த இரைச்சலில் கண் பழகிவிடும். டார்பாலை விட்டுவிட்டு மூலத் திட்டத்தின் டேக்கையே பயன்படுத்தலாம் என்றார் ஒருவர். எங்கள் மூலத் திட்டம் கையொப்பமிடுவது டார்பாலைத்தான் என்பதால் அதைக் கைவிடவில்லை. இறக்குமதி செய்யும்போது மூலத் திட்டத்தின் டேக்கையும் பெற்றோராக (முந்தைய கமிட்டாக) இணைக்கும் வசதி கிட்-பில்ட்பேக்கேஜில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தொடங்கினோம். டார்பாலில் மட்டும் இருப்பது என்னென்ன என்று இப்போது ஒரே கட்டளையில் தெரிகிறது. அந்தப் பட்டியலைப் பதிப்புக்குப் பதிப்பு ஒருவர் படித்தாக வேண்டும். இதுவரை படித்து வருகிறோம்.

தீராதவை

ஸ்டேபிளுக்குப் போகும் பாதுகாப்புப் பதிப்புகளை இன்னும் கையால்தான் களஞ்சியத்தில் இறக்குகிறோம். அவை தாங்கும் ‘டெப்12யூ1’ போன்ற எண்களுக்கெனத் தனிக் கிளை வைத்தாயிற்று, அவ்வளவே. பேட்ச் இடப்பட்ட கிளைக்கு மாறினால் ஒப்பீடு எளிதாகும் என்ற யோசனை குழுவில் இருவருக்கு இருக்கிறது, ஒருவருக்கு இல்லை. அந்த விவாதம் முடியவில்லை.

ஒப்பிடும் நிரல் காட்டிய இன்னொரு பொதியில், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பதிவேற்றத்தில், பில்ட் முறையைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரி இருக்கிறது: சோதனைகளை ஒரே இழையில் ஓட்டச் சொல்லும் வரி. அதைப் பதிவேற்றியவர் இப்போது டெபியனில் இல்லை. அதற்குப் பிந்தைய பதிவேற்றங்கள் எல்லாம் அந்த வரி இல்லாமலே பில்ட் ஆகியிருக்கின்றன. அதை மீண்டும் சேர்க்கவில்லை. எந்தப் பதிப்பில் இருந்தது, எப்போது விடுபட்டது, சோதனைகள் எப்போதாவது காரணமின்றித் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்று அந்தப் பொதியின் ரீட்மீ.சோர்ஸ் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.